ஆணையும் நிலையும்: இருநிலை விசைகளின் சரித்திரம் குறித்து

ஒரே விசையால் ஒரு சாதனத்தை இயக்கவும் நிறுத்தவும் கூடிய ஏற்பாட்டில், அது அக்கணத்தில் எந்த ஸ்திதியில் இருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவிப்பது எங்ஙனம் என்ற பிரச்சினை, மின்விளக்கு வீடுகளுக்குள் நுழையுமுன்பே ரயில் பாதைகளில் எழுந்துவிட்டது. 1876 ஜனவரி 21 அன்று இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில், கடும் பனிப்பொழிவுக்கிடையே, நெம்புகோலை அபாய நிலைக்குத் திருப்பியிருந்தும், வெளியே கம்பத்திலிருந்த கைகாட்டி உறைபனியின் பாரத்தால் 'வழி உண்டு' என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டது. அதை நம்பி வந்த விரைவு வண்டி நிலக்கரி வண்டியின்மேல் மோத, எதிர்த்திசையில் வந்த மற்றொரு விரைவு வண்டி அந்தச் சிதைவின்மேல் பாய்ந்தது. நெம்புகோல் காட்டியது சிக்னல்காரர் இட்ட ஆணையை. கைகாட்டியின் உண்மை நிலையையன்று. மேலும், வழி உண்டு என்பதற்கு அந்நாளில் அடையாளமே, கை கம்பத்தின் பிளவுக்குள் மறைந்து கிடப்பதுதான். அபாயமே கைகாட்டியின் இயல்பு நிலை என்ற விதி இவ்விபத்தின் பின்னரே வலுப்பெற்றது.

வீட்டு ஸ்விட்சின் கதை இத்தனை துக்ககரமானதன்று. நியூகாஸிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் அமைத்த விசை, மின்தொடர்பைச் சட்டென்று துண்டித்துத் தீப்பொறி நீடிப்பதைத் தடுக்கும் நோக்கமுடையது. ஆயினும் இடைநிலையில் தங்க இடங்கொடாத அந்தத் துள்ளல், விசைக்கு இரண்டே நிலைகள் உண்டென்பதைக் கைக்கும் காதுக்கும் ஒருங்கே உணர்த்திற்று என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க வீடுகளில் பின்னர் பரவிய இரட்டைப் பொத்தான் விசையில், ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே எழும். இருளிலும் தடவி அறியும்படி, விளக்கேற்றும் பொத்தானின் நடுவே முத்துச்சிப்பித் துண்டு பதிப்பதும் உண்டு. மாடிப்படியின் இருமுனைகளிலும் வைக்கும் இருவழி விசையோ இந்தச் சௌகரியத்தைக் குலைத்தது: கீழே ஒருவர் தட்டியபின், மேலேயுள்ள குமிழின் நிலையைக் கொண்டு விளக்கைப் பற்றி எதையும் ஊகிக்க இயலாது. விளக்கே கண்முன் எரிவதால் அங்கே கேடொன்றும் விளையவில்லை.

கண்ணுக்கு எட்டாத சாதனத்தின் விஷயம் அப்படியன்று. 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில், அழுத்தந்தணிக்கும் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. ஆயினும், மூடுமாறு மின்சாரம் நிறுத்தப்பட்டதை மட்டுமே அறிவிக்கும்படி இணைக்கப்பட்ட பலகை விளக்கு அணைந்திருந்தமையால், வால்வு மூடியிருக்கிறதென்றே இயக்குநர்கள் கருதினர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, அணு உலையின் உட்கரு பகுதியாக உருகிப்போயிற்று. நூறாண்டுக்கு முந்திய அதே பிழை, எரியாத விளக்கின் உருவில் மீண்டும் வந்தது.

திரையிலுள்ள பொத்தானுக்கோ உடலே இல்லை; அதன் நிலையை வரைந்தே காட்ட வேண்டும். 2007இல் வந்த ஐபோனின் வழுக்கு விசை, 'ஆன்', 'ஆஃப்' என்ற சொற்களைத் தாங்கியது. கண்ணிற்பட்ட சொல் இப்போதைய நிலையைக் குறிக்கிறதா, தொட்டால் நிகழப்போவதைக் குறிக்கிறதா என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமிருந்தது. 2013இல் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 7 அச்சொற்களை நீக்கிப் பச்சை நிறத்தை வைத்தது. ஆண்களிற் கணிசமானோருக்கு அந்நிறம் சரியாகப் புலப்படாதாகையால், அமைப்புகளில் தனி அடையாளங்களை விரும்பியபோது இட்டுக்கொள்ள வழி செய்யப்பட்டது. இசைக்கும் செயலிகளிலோ, இசை ஒலிக்கையில் நிறுத்தும் சின்னமும், நின்றபோது இயக்கும் சின்னமும் தோன்றும். பாட்டே சாட்சி சொல்வதால் யாரும் மயங்குவதில்லை. இணையவழிக் கூட்டத்தில் பேசுபவரின் ஒலிவாங்கிப் பொத்தானுக்கு அத்தகைய சாட்சி இல்லை. தம் குரல் பிறருக்குக் கேட்கவில்லை என்பது பேசுபவருக்குத் தெரியாது.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள், பொத்தானின் பெயரையும் அது அழுத்தப்பட்டதா என்பதையும் அடுத்தடுத்து உரைக்கும். ஆதலால், நிலையை இவ்வாறு தனியே அறிவிக்கும் பொத்தானின் பெயர் மாறலாகாதென்று வலைத்தரங்கள் விதிக்கின்றன. 'ஒலியை அடக்கு, அழுத்தப்பட்டது' என்றால் பொருள் தெளிவு. வடிவமைத்தவர் பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டாலோ, 'ஒலியைத் திற, அழுத்தப்பட்டது' என்று காதில் விழும். தம் ஒலிவாங்கி திறந்திருக்கிறதென்று நம்பி, கேட்பவர் பேசத் தொடங்கிவிடுவார்.