தறி வீட்டுக்கு வந்த போனஸ்

காஞ்சி நகரை ஒட்டிய ஓரிக்கை, பட்டு நெசவாளர் வாழும் ஊர். அவர்களுக்குக் கூலி நாட்கணக்கில் அன்று. நெய்து முடித்த சேலைக்கே. கூலிக்கு மேல் வெகுமதி தரும் வழக்கம் இத்தகைய தறி வீடுகளை எவ்வாறு வந்தடைந்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

முதல் உலகப் போரில் விலைவாசி ஏறவே, 1917இல் பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் கூலியில் நூற்றுக்குப் பத்து வீதம் போனஸ் வழங்கினர். அது அன்பளிப்பாகவே கருதப்பட்டது. பின்னர் நிறுத்தப்பட்டபோது, 1924இல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நெடுங்கால வழக்குகளுக்குப் பின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக்கியது. குறைந்த அளவு நூற்றுக்கு 4 என்றும் உச்ச அளவு 20 என்றும் வகுத்தது. ஆனால் அச்சட்டம் ஆலைகளையும், இருபது பேருக்குக் குறையாத நிறுவனங்களையுமே நோக்கி எழுதப்பட்டது. வீட்டுத் தறி அதன் வாசலுக்கு வெளியே நின்றது.

அக்குறையை ஓரளவு தீர்த்தவை கூட்டுறவுச் சங்கங்களே. அங்கு நெசவாளரே உறுப்பினர். ஈட்டிய இலாபத்தில், அவரவர் பெற்ற கூலிக்கேற்ப போனஸ் பகிரப்படுகிறது. தனியாரிடம் கூலிக்கு நெய்பவருக்கோ, தருபவர் மனமே அளவுகோல்.

இங்கும் ஒன்று எஞ்சி நிற்கிறது. கோர்வைச் சேலைக்கு ஒருவர் கை போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். மறுகரையில் துணையாள் அமர்கிறார். வீட்டுப் பெண்கள் தார் சுற்றித் தருகின்றனர். சங்க ஏட்டிலோ பெரும்பாலும் ஒரே பெயர்!

வெகுமதியை வகுப்போர் பெயர்களை எண்ணினால் போதாது. சேலையில் உழைத்த கைகளையும் எண்ணுதல் வேண்டும். அதுவே நீதி.