ராகத்தை எண்ணுதல்: நிகழ்தகவு மாதிரிகளும் பெங்களூரு ஆய்வுகளும்

ஆலாபனையில் முதல் இரண்டு பிடிகள் விழுந்ததுமே கேள்வி ஞானமுள்ள ரசிகர் ராகத்தைச் சொல்லிவிடுகிறார். சொற்ப ஆதாரத்தை வைத்து, பழகிய ராகங்களில் எது பொருந்தும் என்று அவர் காது முடிவெடுக்கிறது. இம்முடிவை நிகழ்தகவால் விளக்கும் முயற்சி, ஸ்வரங்களை எண்ணுவதில் தொடங்கி அவற்றின் வரிசைக்கும் பின்பு கமகத்துக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வையும் கட்டாயமாக்கியது ரசிகரின் காதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெங்களூருவில் இசை பற்றிய அறிவியல் முதலில் கருவியின் இயற்பியலாகவே இருந்தது. சி.வி. ராமன் 1934இல் இந்தியத் தோல்வாத்தியங்கள் குறித்து எழுதிய கட்டுரை, மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை எப்படி இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று விளக்கியது. கேட்பவர் அதில் இல்லை; அவர் நுழைந்தது தகவல் கோட்பாட்டின் வழியே. ஷானனின் தகவல் கோட்பாடு 1948இல் வந்தபின், 1957இல் லியோனார்டு மேயர் இசையின் பொருளை எதிர்பார்ப்போடும் நிச்சயமின்மையோடும் இணைத்தார். காஸ்டெல்லானோ, பரூச்சா, கிரும்ஹான்சல் மூவரும் 1984இல் வட இந்திய ராகங்களை இந்தியருக்கும் மேலை நாட்டவருக்கும் போட்டுக் காட்டினார்கள். எந்த ஸ்வரம் அதிகம் ஒலித்தது என்பதை இரு சாராருமே உணர்ந்தார்கள். அடியில் இருந்த தாட்டை, அதாவது ராகம் சார்ந்த ஸ்வரத் தொகுதியை, உணர்ந்தவர்கள் இந்தியர் மட்டுமே. எண்ணிக்கை பொது, பழக்கம் தனி.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்ற இதே சிக்கல் கணினி ஆய்விலும் எழுந்தது. 2003இல் கான்பூர் ஐஐடியில் உருவான 'தான்சேன்' என்ற ராகம் அறியும் அமைப்பு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு நகரும் நிகழ்தகவைக் கணக்கிடும் மறை மார்க்கோவ் மாதிரியைப் பயன்படுத்தி யமன் கல்யாண், பூபாலி இரண்டையும் பிரித்தது. 2011இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எச்.ஜி. ரஞ்சனி, எஸ். ஆர்த்தி, டி.வி. ஸ்ரீனிவாஸ் ஆகியோர் கர்நாடக ஆலாபனையின் சுருதிப் பரவலைக் காஸ் பரவல்களின் கலவையாகக் கொண்டு ஷட்ஜத்தையும் ஸ்வரங்களையும் கண்டறிந்து ராகத்தைச் சரிபார்த்தனர்.

ஷட்ஜத்தைத் தேடுவது ஏன் அவசியம்? மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மத்யமாவதி. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. ஆதார ஷட்ஜம் தெரியாத பரவல் எந்த ராகத்தையும் உறுதி செய்யாது. ரசிகருக்கு அதைத் தம்புரா தந்துவிடுகிறது.

ஆதார ஷட்ஜம் கிடைத்த பின்னும் எண்ணிக்கை போதாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஆரபியில் ஸ்வரங்கள் அசைவின்றி விறுவிறுப்பாக நகரும்; காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் வரும். தேவகாந்தாரி நிதானமானது, ரிஷபம் நீண்டு அசையும். ஸ்வரப் பெயர்களை மட்டும் வரிசையாகப் படிக்கும் மார்க்கோவ் மாதிரிக்கு இந்த அசைவு, அதாவது கமகம், எட்டாது. எனவே ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட சுருதிப் பாதையே ஆய்வுப் பொருளாயிற்று. 2017இல் ரஞ்சனியும் ஸ்ரீனிவாஸும் தீபக் பரமசிவனுடன் சேர்ந்து, இசையைக் கேட்டு உணர்வதில் இப்பாதையின் பங்கை ஸ்வரக்குறிப்பு எழுதுவதோடு இணைத்து ஆராய்ந்தது இத்திசையில்தான்.

ஆயினும், ராகத்தைச் சரியாகச் சொல்லும் மாதிரி மனிதரைப் போலவே கேட்கிறது என்று ஆகிவிடாது. விடை ஒன்றாக இருக்கலாம், வழி வேறாக இருக்கலாம். மாதிரி தடுமாறும் பிடிகளில் புதிதாகக் கேட்பவரும் தடுமாறி, பழகியவர் தடுமாறாமல் இருந்தால்தான் அந்த மாதிரி மனிதர் கேட்பதைப் பற்றிப் பேசுகிறது எனலாம். ஆகவே 1984இன் சோதனை முறையைக் கமகத்தோடு கூடிய கர்நாடக ஆலாபனைக்கு விரிப்பதே அடுத்த கட்டமாக அமைய வேண்டும்.