வன்னிக்கு வராத றகர்

இலங்கையில் விளையாட்டுக்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பாடசாலைகளையே நோக்குவர். றக்பியைப் பொறுத்தவரை அது போதாது, தோட்டங்களையும் நோக்கவேண்டும். நம் நாட்டில் 'றகர்' என்று பலரும் வழங்கும் இவ்வாட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. 1879இல் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே முதற்போட்டியும் நடைபெற்றது. மலைநாட்டில் ஒருவருக்கொருவர் தொலைவில் வாழ்ந்த தோட்டத்துரைமாருக்குக் கழக மைதானமே கூடுமிடமாயிற்று. 1906இல் கண்டியின் திரித்துவக் கல்லூரியும் கிங்ஸ்வூட் கல்லூரியும் பொருதின. 1908இல் நாட்டுக்கான றக்பிச் சங்கம் அமைந்தது. 1945இல் றோயல், திரித்துவக் கல்லூரிகளுக்கிடையே பிறட்பி கேடயப் போட்டி தொடங்கியது.

வன்னியில் இவ்வாறு நிகழாமைக்குக் காரணம் யாது? முல்லைத்தீவில் ஆங்கிலப் படை இருந்ததுண்டு. அக்கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803இல் கைப்பற்றினான். ஆனால் றக்பிப் பாடசாலை மாணவன் வெப் எல்லிஸ் பந்தைக் கையிலெடுத்து ஓடினான் என்னும் கதைகூட 1823ஐயே குறிக்கிறது. பின்னர் வன்னியில் தோட்டத்துரைமார் பெருகவில்லை. காடும் குளமும் மலேரியாவுமே இருந்தன. 1930களில் கிளிநொச்சியில் குடியேறிய உழவர் யாழ்ப்பாணத்தவர். அங்கோ சென் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் மோதிவந்தது துடுப்பாட்டத்தில். கோடையில் கல்லாய் இறுகும் வன்னி நிலமும் விழுந்தெழும் ஆட்டத்துக்கு உகந்ததன்று. முரட்டு ஆட்டமென்று நம்மவர் ஒதுக்கினர் என்பாருமுளர். சடுகுடு ஆடுவோரைப் பார்த்து அவ்வாறு கூறுதல் பொருந்துமா?

உண்மையில் கிளித்தட்டு ஆடியவருக்கு றக்பியின் உட்கருத்து புதிதன்று. மறிப்போரைக் கடந்து எதிரியின் எல்லையை அடைவதே இரண்டிலும் நோக்கம். அணிக்குப் பதினைவர், காலம் நாற்பது நிமிடங்களாக இருமுறை. பந்தை ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. புதியவரை மயக்குவது இவ்விதியே. முன்னேற விரும்புவோன் பின்னுள்ள தோழனுக்கே பந்தை வழங்கவேண்டும். ஆகவே தோழர் பின்தொடராவிடின் எத்துணை வேகமுள்ளவனும் தனித்துப்போவான். பந்தேந்தியவனை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம், அதுவும் தோளுக்குக் கீழே. வீழ்ந்தவன் உடனே பந்தை விட்டுவிடவேண்டும். எதிரெல்லைக்கப்பால் பந்தை நிலத்தில் ஊன்றுவது 'ட்ரை'. அதற்கு ஐந்து புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் இரண்டு. தண்டனை உதைக்கு மூன்று. சிறு பிழைகளின்பின் எண்மர் எண்மராகத் தோள்பிணைத்துத் தள்ளுவது 'ஸ்கிரம்'. அதனைப் பயிற்சியின்றி முயலுதல் கழுத்துக்குக் கேடு.

2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இயங்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பல மாகாண மாணவர் ஒருங்கே பயில்கின்றனர். கண்டியிலிருந்து வருபவன் றகர் அறிவான். முள்ளியவளையிலிருந்து வருபவன் கிளித்தட்டு அறிவான். இவ்விருவரும் சேர்ந்தாடத்தக்க ஒரு வகையும் உண்டு. 'டச் றக்பி' எனப்படும் அதில் வீழ்த்துதல் இல்லை; தொட்டாலே போதும். அணிக்கு அறுவர். தொடப்பட்டவன் அவ்விடத்திலேயே பந்தை நிலத்தில் வைத்து ஆட்டத்தைத் தொடர்வான். ஆறாந்தடவை தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போகும். இறுகிய நிலம் அதற்குத் தடையன்று. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம்.