அந்தக் கோடு கடலில் எங்கே இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பியின் பேரன் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்திருந்தான். கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். நடுக்கடலில் ஒருபக்கமாகச் சாய்ந்து பறக்கிறது ஒரு பாய்ப்படகு. அதை ஓட்டுகிறவரின் கையில் டைவ் வாட்ச், அதாவது கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கட்டும் கைக்கடிகாரம். விலை பல லட்சம். "பாட்டி, உங்க பீரோவுல இருக்கிற கொள்ளுத்தாத்தா வாட்சுக்குக்கூட இப்ப நல்ல விலை கிடைக்குமாம். வித்துடலாமா?" என்றான். மறுநாளே நம் குடும்பக் குழுவில் இதே பேச்சு. விற்கலாம் என்று நால்வர், கூடாது என்று மூவர். என் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். 1970இல் போனஸ் பணத்தில் வாங்கிய வாட்ச் அது. ஃபேவர் லூபா, 'சீ சீஃப்'. பெயரில்தான் கடல். மழை வந்தால் அப்பா அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி டிபன் பைக்குள் வைத்துவிடுவார். ராயபுரம் பக்கம் அப்போது பல வீடுகளுக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். வாட்ச் கட்டிய மனிதரைத் தெருவில் நிறுத்தி மணி கேட்பார்கள்.

ஃபேவர் லூபா 1737இல் சுவிட்சர்லாந்தின் லெ லாக்ல் ஊரில் தொடங்கிய நிறுவனம். 1865இலேயே பம்பாய்க்கு வியாபாரம் செய்ய வந்துவிட்டது. அதனால்தான் நம் அப்பா, தாத்தா காலத்தில் அந்தப் பெயர் அத்தனை பழக்கம். 1968இல் அவர்கள் 'பேத்தி' என்றொரு டைவ் வாட்ச் செய்தார்கள் (நம் பேத்தி அல்ல!). தண்ணீரின் அழுத்தத்தை வைத்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை முள்ளே காட்டிவிடும். 2011இல் அந்த நிறுவனத்தை டைட்டன் வாங்கியது. 1984இல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வைத்த அதே டைட்டன்தான். பின்னர் அது வேறு கைக்கு மாறிவிட்டது.

சரி, கடலுக்கும் கடிகாரத்துக்கும் என்ன உறவு? இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1993ஆம் ஆண்டு. ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல் பாடம். கரும்பலகையில் உருண்டை வரைந்து அட்சக்கோடு, தீர்க்கக்கோடு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், இந்தக் கோடு கடல்ல எங்க கீது? எங்கப்பா ஒருநாள்கூடப் பாத்ததில்லயாம்." வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம். "பரீட்சைக்கு வர்றதைப் படி" என்று அவனை மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. வரையறை தெரியும், அந்தக் கோடு எதற்கு என்று தெரியாது. பயிற்சிப் பள்ளியில் எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது சொல்கிறேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் சென்னை கிரீன்விச்சுக்குக் கிழக்கே சுமார் 80¼ பாகை. நான்கால் பெருக்குங்கள்: 321 நிமிடம், அதாவது 5 மணி 21 நிமிடம். இதுதான் பழைய 'மதராஸ் நேரம்'. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வுக்கூடம் இந்தக் கணக்கைப் பார்த்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1906இல் 82½ பாகையை வைத்து இந்திய நேரம் வந்தது. அதையும் நான்கால் பெருக்கிப் பாருங்கள், 5½ மணி நேரம் வரும்.

மாலுமி இதையே திருப்பிப் போடுகிறார். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைச் செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் பார்க்கிறார். அந்த நொடியில் கிரீன்விச்சில் மணி என்ன என்று கையிலுள்ள கடிகாரம் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் நிற்கும் தீர்க்கக்கோடு. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால், நம் சென்னைக்கு நேரான கடலில் இடம் சுமார் 27 கிலோமீட்டர் தவறும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பும் தூரம்! பாறை எங்கே என்று தெரியாத இருட்டில் அது உயிர்க் கணக்கு.

பாய்ப்படகுப் பந்தயத்துக்குள் வாட்ச் வந்தது இப்படித்தான். 1966-67இல் ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற அறுபத்தைந்து வயதுப் பெரியவர் சிட்னியில் மட்டும் நின்று, தனியாக உலகத்தைச் சுற்றிவந்தார். அவர் கையில் இருந்தது ரோலக்ஸ். செக்ஸ்டன்ட் கணக்குக்கே அதைப் பயன்படுத்தியதாகப் பின்னர் அந்த நிறுவனத்துக்கு எழுதினார்.

அடுத்து 1968இல் எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயம். புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் ஒருவர் மட்டுமே, 312 நாளில். அவருடைய 32 அடி 'சுஹைலி' படகு எங்கே கட்டியது தெரியுமா? பம்பாயில்! நம் நாட்டுத் தேக்கு மரத்தில், நம் தச்சர்கள் வாய்ச்சியாலும் கைத்துரப்பணத்தாலும் இழைத்த படகு. சுஹைல் என்று அரபு மாலுமிகள் சொல்லும் நட்சத்திரம் நமக்கு அகத்திய நட்சத்திரம். அந்தப் பந்தயத்தின் புகழை எத்தனையோ பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள். அந்தத் தச்சர்களின் பெயரை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அதே பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் இருந்தார். படகு சரியில்லை, கடன் வேறு. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதுபோல் பொய்யான இடங்களை அறிவித்தார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகு மட்டும் கிடைத்தது. படகிலிருந்த கடிகாரத்தையும் காணவில்லை. நாக்ஸ் ஜான்ஸ்டன் தன் பரிசுப் பணம் 5,000 பவுண்டை குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்கே கொடுத்துவிட்டார். பிள்ளைகளே, இந்த இரண்டு பேரையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

டைவ் வாட்சின் முகப்பைச் சுற்றி ஒரு திருகு வளையம் இருக்கும். 1953 வாக்கில் பிளாங்பான், ரோலக்ஸ் போன்றவர்கள் கொண்டுவந்த வடிவம் இது. மூழ்கும்போது வளையத்தின் குறியைப் பெரிய முள்ளுக்கு நேராக வைத்தால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும். இன்றைய வாட்சுகளில் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். கை தவறி இடித்தாலும் காட்டும் நேரம் கூடுமே தவிரக் குறையாது. ஆள் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். பந்தயப் படகுக்காரருக்கும் இது உதவும். புறப்பாட்டுக்கு 5 நிமிடம் முன்பு முதல் அறிவிப்பு. முந்திக் கோட்டைத் தாண்டினால் திரும்பி வர வேண்டும். இன்று இடம் காட்ட செயற்கைக்கோள் இருக்கிறது. அந்தப் பல லட்சத்தில் பெரும்பங்கு பெயருக்குத்தான்.

ஆனால் கோல்டன் குளோப் 2018இல் மறுபடி நடந்தபோது பழைய முறையே விதி. செக்ஸ்டன்ட், சாவி கொடுக்கும் கடிகாரம், காகித வரைபடம். நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, அசைய முடியாமல் கிடந்தார். அரக்கோணம் ராஜாளி தளத்தைச் சேர்ந்த வகை பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அடுத்த பந்தயத்தில், 2023 ஏப்ரலில், இரண்டாவதாக வந்தார்! முதலாவது தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர் என்ற பெண்.

நம் துறைமுகத்துக்குள்ளேயே 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. துறைமுகத் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. கிரேன் மேலிருந்து அந்த வெள்ளைப் பாய்களை அப்பா பார்த்திருக்கிறார். "அது துரைமார் விளையாட்டும்மா" என்பார். அப்படியே நானும் நம்பினேன். பந்தயங்களில் பறக்கும் இரட்டை உடல் படகுக்கு உலகம் முழுக்க 'கேட்டமரான்' என்றுதான் பெயர். நம் காசிமேட்டுக் கட்டுமரம்தான் அந்தச் சொல். டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைப் பெண். 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் தாரிணி படகில் உலகைச் சுற்றி வந்த இருவரில் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இனியும் அது துரைமார் விளையாட்டு என்று நம் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

வாட்சுக்கு வருகிறேன். விற்கப்போவதில்லை. இன்று காலை சாவி கொடுத்தேன், ஓடுகிறது. நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது. தீர்க்கக்கோட்டை நான்கு நிமிடக் கணக்கோடு எனக்கு விளக்கிச் சொல்லும் பேரப்பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளைக்கு அது. ஆணோ பெண்ணோ, வித்தியாசம் இல்லை.

கடைசி பெஞ்ச் தம்பி, உனக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். நீ கேட்டது நல்ல கேள்வி. அன்று உன்னை நிற்க வைத்தது தப்பு. அந்தக் கோடு கடலில் எங்கேயும் இல்லையப்பா. மாலுமியின் கையில் ஓடும் கடிகாரத்தில் இருக்கிறது. இதைப் படித்தால் வீட்டுக்கு வா. உன் பிள்ளைகளையும் கூட்டி வா. வாட்சைக் கையில் கொடுத்தே சொல்லித் தருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்