ரயில்காரர்களின் பாக்கெட் வாட்ச்

ஜீன்ஸ் பேண்டின் வலது பக்கப் பைக்குள் இன்னொரு குட்டிப் பை இருக்குமே, அது எதற்கு என்று யோசித்ததுண்டா? சில்லறை போட இல்லை. பாக்கெட் வாட்ச் வைக்கத்தான். லீவைஸ் கம்பெனி 1870களில் தைத்த பேண்டிலேயே அந்தப் பை உண்டு. வாட்ச் போய்விட்டது, பை மட்டும் மிச்சம் :)

அந்தப் பைக்குள் இன்றைக்கும் நிஜமாகவே வாட்ச் வைத்துக்கொண்டு திரிகிற கூட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய தேசியக் கடிகாரச் சேகரிப்பாளர் சங்கம் அவர்களில் பலருக்குத் தாய்வீடு. பென்சில்வேனியா மாநிலம் கொலம்பியா என்ற சிற்றூரில் அதற்கு ஒரு அருங்காட்சியகமே உண்டு. சங்கக் கூட்டங்களில் மேஜை போட்டு வாங்குவார்கள், விற்பார்கள், மாற்றிக்கொள்வார்கள். அங்கே ராஜ மரியாதை எதற்கு என்றால் தங்க வாட்சுக்கு அல்ல, ரயில்வே வாட்சுக்கு. ஹாமில்டன் 992, வால்தம் வான்கார்ட், பன் ஸ்பெஷல் என்று பெயர் சொன்னாலே கண் விரியும்.

ரயிலுக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில் விட்ட காலம் அது. ஒரு வண்டி பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். எப்போது ஒதுங்குவது என்பதை டிரைவர், கண்டக்டர் பையில் இருந்த கடிகாரம்தான் முடிவு செய்தது. ஊருக்கு ஒரு நேரம் இருந்த குழப்பத்தை 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகளே சேர்ந்து தீர்த்து, பொது நேரம் கொண்டுவந்தன. ஆனால் நேரம் ஒன்றானால் போதுமா, கடிகாரம் சரியாக ஓட வேண்டாமா?

1891 ஏப்ரல் 18. ஓஹையோவில் கிப்டன் ஸ்டேஷன் அருகே ஒரு பயணிகள் வண்டியும் வேகமாக வந்த தபால் வண்டியும் மோதின. இரண்டு வண்டிகளின் டிரைவர்களும் தபால் ஊழியர்களும் செத்தார்கள். ஒருவருடைய வாட்ச் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானே ஓடத் தொடங்கியதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. நான்கே நிமிடம்! முழுதாக நின்று போயிருந்தாலாவது கவனித்திருப்பார்.

அதன் பிறகு கிளீவ்லாந்து நகை வியாபாரி வெப் பால் என்பவரை ரயில்வே கூப்பிட்டு, கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. அவரும் அவரைப் பார்த்து மற்ற ரயில்வேக்களும் வகுத்த விதிகள் கறாரானவை. வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. குறைந்தது 17 கற்கள் வேண்டும். (பழைய எச்.எம்.டி. வாட்ச் டயலில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருக்குமே, அதே சமாச்சாரம். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்கான மாணிக்கக் கற்கள்.) நிமிர்த்தி வைத்தாலும் படுக்க வைத்தாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். மூடி இருக்கக் கூடாது. எண்கள் பெரிதாக, பளிச்சென்று தெரிய வேண்டும்.

இதில் மிகவும் புத்திசாலித்தனமான விதி, நேரம் மாற்றுவது பற்றியது. சாதாரண வாட்சில் சாவியை வெளியே இழுத்துத் திருகினால் முள் நகரும். சாவி கொடுக்கும்போது கை தவறி இழுத்துவிட்டால்? அதனால் ரயில்வே வாட்சில் முன் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன நெம்புகோலை இழுத்தால்தான் முள்ளைத் தொடவே முடியும். தெரியாமல் நேரம் மாற வழியே இல்லை.

இவ்வளவு விதி போட்ட கம்பெனி வாட்சைச் சும்மா கொடுத்ததா என்றால், இல்லை. தொழிலாளி தன் சம்பளத்தில், பெரும்பாலும் தவணையில், வாங்க வேண்டும்!

இனி சேகரிப்பாளர்களின் தலைவலி. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் இயந்திரம் தனி, கூடு தனி. வாடிக்கையாளர் கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப இரண்டையும் தேர்ந்தெடுத்தால் கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். ஆகவே எது அசல் ஜோடி, எது பிறகு நடந்த கல்யாணம் என்று கண்டுபிடிப்பதே ஒரு கலை. கூட்டின் உள்விளிம்பில் பழைய திருகு அழுத்திய தடம் கூடுதலாக இருந்தால் அந்தக் கூட்டில் முன்பு வேறு இயந்திரம் குடியிருந்தது என்று அர்த்தம். இயந்திரத்தின் வரிசை எண்ணை வைத்து அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்றும் சொல்லிவிடலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு விழுந்த பெரிய அடி திருடர்களால் வரவில்லை, சந்தையால் வந்தது. 1970 வாக்கில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 35 டாலர். 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிராம் எடையுள்ள 14 காரட் கூட்டில் சுத்தத் தங்கம் 29 கிராம், அதாவது ஒரு அவுன்சுக்குச் சற்றுக் குறைவு. பத்தே வருடத்தில் 33 டாலர் பண்டம் 800 டாலராகிவிட்டது. உள்ளே ஓடும் வாட்சுக்கு அந்த விலை கிடைக்காதபோது உருக்குபவர் என்ன செய்வார்? கூட்டை உடைத்து உலையில் போட்டார், இயந்திரத்தை டப்பாவில் வீசினார். கையால் செதுக்கிய பூவேலையும், தாத்தா பெயர் பொறித்த மூடியும் ஏராளமாகக் கட்டியாகிப் போயின. 2024-இல் தங்கம் 2,500 டாலரைத் தாண்டியபோது அதே பழைய கேள்வி மறுபடி தலைகாட்டியது. அதே கூடு அப்போது 2,300 டாலருக்கு மேல். ஆசைப்படும் வாரிசுகளைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

மிச்சமிருப்பதை அணியலாமா, பூட்டி வைக்கலாமா என்பதில் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சி. அணிந்தால் ஆபத்து உண்மைதான். ஒருமுறை தரையில் விழுந்தால் போதும், மயிரிழை போன்ற அச்சு முறிந்துவிடும். அதை மாற்றத் தெரிந்தவர்களோ அருகி வருகிறார்கள். பூட்டி வைத்தாலும் எண்ணெய் உள்ளேயே பிசினாகிவிடும், பிறகு ஓடவிட்டால் தேய்மானம்தான். சேவை செய்து, சங்கிலி மாட்டி, தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து அணிபவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று படுகிறது.

அவர்களில் சிலர் கூட்டங்களில் தங்கக் கூட்டைத் தேடுவதே இல்லை. கூடு உருகிப்போன இயந்திரங்களைக் கொஞ்ச விலைக்கு வாங்கி, எண்ணெய் போட்டு, நிக்கல் கூட்டில் பொருத்தி, மறுநாளே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.