ஓரிலை பெற்ற மலை

விதையில் வளர்ந்த தேயிலை மலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றின் இலை அகலம், மற்றதன் இலை ஒடுக்கம். ஒன்று கொழுந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்துச் செடி சோம்பிக் கிடக்கும். தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அரிது. ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. 1867இல் இலங்கையின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலம் தொட்டு மலைநாடு இப்படித்தான் நிரம்பியது. எது நல்ல செடி என்று கொழுந்து எடுக்கும் பெண்களுக்குத் தெரியும். அதே செடியை ஆயிரமாக்கும் வழிதான் தோட்டங்களில் இருக்கவில்லை.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் (டி.ஆர்.ஐ.), பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அங்கே பணியாற்றிய எஃப். ஆர். டப்ஸ், பச்சைத் தண்டை வெட்டி வேர்விடச் செய்வது பற்றி 1932இல் நிறுவகத்தின் ‘டீ குவார்ட்டர்லி’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். விதையின்றித் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்து, ‘வீ.பி.’ என்று இன்று தோட்டங்களில் சொல்லும் தேயிலையின் கதை இலங்கையில் அங்கிருந்து தொடங்குகிறது.

வெட்டிய துண்டு ஏன் வேர்விடுகிறது என்பதற்கான விடையும் அதே ஆண்டுகளில்தான் உலகில் உருவாகிக்கொண்டிருந்தது. 1928இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து இறங்கி வளர்ச்சியைத் தூண்டும் பொருளைப் பிரித்துக் காட்டினார். அதுதான் ஆக்சின். அது நுனியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் உறங்கியே கிடக்கும் என்று 1930களின் நடுவில் ஆய்வாளர்கள் தைமனும் ஸ்கூக்கும் காட்டினார்கள். நுனியை வெட்டினால் தடை நீங்கும். கவ்வாத்து வெட்டிய செடி மொட்டையாக நின்று பிறகு துளிர்ப்பதன் இரகசியம் இது. துளிர்க்கத் தேவையான உணவு வேரில் இருக்க வேண்டும் என்பதால், கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடீன் தடவி மாச்சத்து இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

வெட்டிய துண்டிலும் இதே ஆக்சினின் வேலைதான். இலையும் மொட்டும் அனுப்பும் ஆக்சின் கீழே இறங்கி, வெட்டுவாயில் வழியின்றித் தேங்குகிறது. அங்குள்ள செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கி, காயம் ஆறத் தடித்து, பிறகு வேராகின்றன. மண்ணில் புளிப்புத் தன்மை குறைந்தால் தடிப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகும், வேர் வராது. அதனால்தான் தவறணைக்கு (நாற்றுமேடைக்கு) மண் தேர்வதில் அத்தனை கண்டிப்பு.

1950இல் எஃப். எச். கேல் ஒற்றைக் கணுவை வைத்துச் செடி உண்டாக்கும் முறையை ‘டீ குவார்ட்டர்லி’ இதழில் விரிவாக எழுதினார். தாய்ச்செடியைக் கவ்வாத்து செய்து, கொழுந்து எடுக்காமல் சில மாதம் வளரவிடுவார்கள். அந்தக் கிளையின் இளநுனியும் முற்றிய அடியும் வேண்டாம். நடுவில் ஒரு இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் தண்டு. அவ்வளவே ஒரு செடி. பைமண்ணில் ஊன்றி, நிழலும் ஈரமும் தந்து காத்தால் ஏறத்தாழ ஓராண்டில் மலைக்குப் போகும்.

மறுநடுகைக்கு மானியம் வந்த பிறகு டி.ஆர்.ஐ. 2025 போன்ற ரகங்கள் மலை மலையாகப் பரவின. ஒரே செடியின் நகல்கள் என்பதால் பலம்போல் பலவீனமும் பொது. 1946இல் இலங்கைக்குள் வந்த கொப்புள நோய், மழையிலும் பனியிலும் இளந்தளிரையே தாக்கும்; ஒரு ரகம் அதைத் தாங்காது என்றால் அந்த மலை முழுவதும் தாங்காது. ஒரே ரகத்தை நம்பியிராமல் பலவற்றைக் கலந்து நடுவது இதனால்தான் அவசியம்.

இந்த ஆய்வுக்கூட வேலை கூலிக் கணக்குவரை வந்து சேர்ந்திருக்கிறது. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்ற வழக்கம் உள்ள தோட்டத்தில், வீ.பி. மலையில் சீக்கிரம் நிறையும் கூடை, தேய்ந்த விதை மலையில் பொழுது சாய்ந்தும் நிறையாது. காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, யாரை எந்த மலைக்கு அனுப்புகிறார்கள் என்பதே அன்றைய சம்பளத்தைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. இரண்டு மலைக்கும் ஒரே கிலோ கேட்பது அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.