குட்டி யானையின் குரல்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கும்; சில கிலோமீட்டர் கடந்ததும் காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரி வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற வரைபட விசித்திரங்களுள் இதுவும் ஒன்று. அவ்வூரில் எனக்குப் பழக்கமான ஒருவர் சிறு சரக்கு வண்டியில் மீன் விற்கிறார். டாடா நிறுவனம் 2005-ல் 'ஏஸ்' என்று வெளியிட, மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிக்கொண்ட வண்டி அது. அதன் கூரைமீதிருந்த பழைய கூம்புக் குழாயை ஒருநாள் கழற்றி எறிந்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பலகைகளையும் பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டையும் தாமே பொருத்தினார். பாடல் இனிமையாக ஒலித்தது. ஒரு வாரம் கழித்துச் சந்தித்தபோது சோர்ந்திருந்தார்.

"பாட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. மீன் பேருதான் யாருக்கும் வெளங்கல. வாளைன்னா பாறைன்னு கேக்குதாம்."

வாளை, பாறை என்னும் இரு சொற்களிலும் உயிரொலிகள் ஒன்றே. வேறுபடுத்துவன மெய்கள். உயிர்களின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்க, மெய்களின் அடையாளம் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அடங்கியிருக்கிறது. கூம்புக் குழாயோ ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாய் திறக்காது. அதனால்தான் அதில் பாடல் தகரம் போலக் கேட்கிறது. பேச்சு மட்டும் தெருக்கோடிவரை தெளிவாகச் செல்கிறது. மேலும், ஒரு வாட் மின்திறனைப் பெற்றுக்கொண்டு பெட்டி ஒலிபெருக்கி எழுப்புவதைவிடக் கூம்பு எழுப்பும் ஓசை 15 டெசிபெல் அளவுக்கு மிகுதி. அதே ஓசையைப் பெட்டியில் பெற முப்பது மடங்கு மின்திறன் வேண்டும்.

ஊருக்குச் செய்தி சொல்ல யானையைத் தேடுவது நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரத்து முரசம் யானையின் பிடரியில் ஏற்றப்பட்டு, இந்திரவிழா தெருத்தெருவாக அறிவிக்கப்படுகிறது. உயரத்தில் ஓசை, அதைச் சுமந்து நகரும் ஓர் ஊர்தி, பின்னர் செய்தி என்ற ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

யானையின் இடத்தில் இயந்திரம் வந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் நாப்பா என்னும் சிற்றூரில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும், புதுவகைத் தொலைபேசிக் கேட்பானொன்றைச் செய்துபார்த்தவர்கள், அதனுடன் கிராமபோன் கூம்பை இணைத்தார்கள். இன்றைய ரிச்சி தெரு வாடிக்கையாளர்களுக்கு அவர்களே மூதாதையர் என்பேன். 1915 கிறிஸ்துமஸ் முன்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்தின் முன் அது ஒலித்தது. 1919-ல் சான் டியாகோவில் அதிபர் வில்சன் ஏறத்தாழ 50,000 பேரிடம் அக்கருவி வழியே பேசினார்.

இந்தியாவில் இக்கருவியை அரசியலுக்குக் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனத்து நானிக் மோட்வானி. பெயரில்தான் சிகாகோ, குடும்பம் சிந்து மாநிலத்தது. காந்தி பேசிய காங்கிரஸ் மாநாடுகளில் ஒலிபெருக்கி அமைத்தவர் அவர். 1942-ன் ரகசிய காங்கிரஸ் வானொலிக்குக் கருவி தந்தார் என்று கைதானவரும் அவரே. 1940-ல் தொடங்கப்பட்ட அகூஜா நிறுவனத்தின் பெயர் பின்னாளில் நம் திருவிழாப் பந்தல்களில் ஒலிபெருக்கிக்கே மறுபெயராயிற்று.

வண்டியில் ஏற்றுவதுதான் நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. வால்வு பெருக்கிகளுக்கு இருநூறு முந்நூறு வோல்ட் வேண்டும். வண்டி மின்கலம் தருவதோ 6 அல்லது 12. இடைவெளியை நிரப்ப 'வைப்ரேட்டர்' என்றொரு கருவி மின்னோட்டத்தை விட்டுவிட்டு வெட்டி, மின்மாற்றிக்கு ஊட்டியது. டிரான்சிஸ்டர் வந்தபின் 12 வோல்ட்டே போதுமென்றாயிற்று. சான்யோ நிறுவனத்தின் 4440 சில்லு வந்ததும் கைவேலைக்காரர்களின் பொற்காலம் பிறந்தது. இரு பாதைகளிலும் ஆறாறு வாட். இரண்டையும் பாலமாக இணைத்தால் 19 வாட். பெட்டி ஒலிபெருக்கிக்கு அது கடைத்தெரு இரைச்சலில் கரைந்துபோகும் அளவு. கூம்புக்கோ தாராளம்.

இவ்வரலாற்றில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார்: தண்டோரா போட்டவர். அவ்வேலை அவர் விரும்பி ஏற்றதன்று. பிறப்பைக் காட்டி அவர் தோளில் ஊர் மாட்டிவிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலர் இறையன்பு, தண்டோரா இனித் தேவையில்லை, வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வண்டியில் ஒரு குழாயை மாட்டுவது ஒரு மனிதரின் தோளிலிருந்து ஒன்றை இறக்குவதும் ஆகும் என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. மிகவும் தாமதம்தான். பறை அழிந்துவிடுமே என்று வருந்துவோருக்கு என் பதில்: அது மேடைகளில் தலைநிமிர்ந்து வாழ்கிறது, ஏவலுக்கு அடிக்கப்படாமல்.

புதுச்சேரிக் கடற்கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1998 முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அலை உயரம் குறித்த முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, கடலோரக் குழாய்களில் மீனவர்களுக்கு ஒலிபரப்பினார்கள். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு மையத்துக்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி வந்தது. எச்சரிக்கை ஒலிபெருக்கியில் ஊரெங்கும் சொல்லப்பட்டது. மக்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினர். காலாப்பட்டுக் குப்பங்களையும் அன்று அலை தாக்கியது. நல்லவாட்டின் குழாயில் அன்று எவரும் இனிமையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் நண்பரிடம் நான் விரிவுரையாகச் சொல்லவில்லை. மீன் வாங்க வந்தவன் அதைச் செய்யக்கூடாது. எறிந்த குழாயைத் தேடி எடுத்தோம். அதன் யூனிட்டில் சுருள் எரியவில்லை. உப்புக்காற்றில் முனைகள்தாம் பச்சை பூத்திருந்தன. பழைய மெல்லிய கம்பியையும் மாற்றினோம். கம்பியில் அரை ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் ஓடுகையில் 12 வோல்ட்டில் 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்கலத்தை ஒட்டியே ஃப்யூஸ் வைக்கச் சொன்னேன். வண்டி தீப்பிடிப்பதைத் தடுக்கும் அந்தச் சிறு பொருளைத்தான் எல்லோரும் கடைசியாக வாங்குகிறார்கள்.

பெட்டிகளை அவர் கழற்றவில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே மாட்டி, துறைக்குப் போகும் விடியற்பொழுதில் தமக்கு மட்டும் கேட்கும்படி பாட்டு வைத்துக்கொள்கிறார். தெருவுக்குள் நுழைந்ததும் பாட்டு நிற்கிறது; கூரைமேலிருந்து வாளை வாளையாகவும் பாறை பாறையாகவும் கேட்கின்றன.